நோயாளியைத் தேடிச் சென்ற வைத்தியம்
செராஸ் சாலையிலிருந்து ஒரு சரித்திரப் பார்வை

கோலாலம்பூரிலிருந்து காஜாங்குக்குச் செல்லும் பழைய செராஸ் சாலையில் ஊர்களுக்குப் பெயர் வைத்தவை மைல் கற்களே. ஒன்பதாம் கட்டை, பதினோராம் கட்டை என்று நம்மவர்களும், பத்து சம்பிலான், பத்து செபெலாஸ் என்று மலாய்க்காரரும் இன்றும் சொல்கிறார்கள். கணக்கு கிலோமீட்டருக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் கட்டைகள் வாயைவிட்டு அகலவில்லை. இந்தக் கட்டைக் கணக்கு வெறும் விலாசம் மட்டும் அன்று. நகரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கும், ஆபத்து வந்த வேளையில் உதவி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதற்கும் அதுவே அளவுகோலாக இருந்தது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்பதாம் கட்டையில் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டால், ஆஸ்பத்திரி ஒன்பது மைலுக்கு அப்பால் கோலாலம்பூரில் இருந்தது. காஜாங்குக்கு ரயில் போட்டபோது அது சுங்கை பீசி வழியாகப் போய்விட்டது. செராஸ் சாலை ரயிலைக் காணவில்லை. மாட்டு வண்டி கிடைத்தால் வண்டி. இல்லாவிட்டால் துணியில் தூளி கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு இருவர் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்கிச் செல்பவருக்கு அன்றைய கூலி போய்விடும். ஆகையால் நோயாளி பிழைக்க மாட்டான் என்று தோன்றிய பிறகுதான் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பயணம் தொடங்கியது. ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம் என்ற எண்ணம் மக்களிடையே பரவியதற்கு வைத்தியத்தின் குறையைவிட இந்தத் தொலைவே பெரிய காரணம் எனலாம்.

வைத்தியம் நோயாளியை நோக்கி நடக்கத் தொடங்கிய வரலாறு மலாயாவில் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், கிள்ளானைத்தான் சொல்ல வேண்டும். 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளானுக்கு மாவட்ட வைத்தியராக வந்தார். அவர் வந்த ஆண்டிலேயே ஊர் முழுவதும் மலேரியாவில் படுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் வேலையாட்கள் அடுத்தடுத்து விழுந்தனர். புதுத் துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் நிலை ஏற்பட்டது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் கட்டிலருகே நின்று கொயினா கொடுத்துக் கொண்டிருப்பதோடு நிற்கவில்லை. ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்திலும் காட்டுக் குட்டைகளிலும் இறங்கினார். காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, கடல் நீர் புகாதபடி கரை கட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர். டாக்டர் ஆஸ்பத்திரியின் நான்கு சுவரை விட்டு வெளியே வந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஆயினும் கிள்ளானில் பலித்த மந்திரம் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. கடலோரத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலில், காட்டுக் குட்டையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. மலையடிவாரத்திலோ வேறு ஜாதிக் கொசு. வெயில் படும் தெளிந்த ஓடையே அதற்குப் பிடித்த இடம். அங்கே காட்டை வெட்டினால் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாக முடிந்தது. ரப்பர் தோட்டங்கள் மலைச் சரிவுகளில் ஏற ஏற, காட்டை அழித்துக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக மடிந்ததன் மர்மம் இதுவே. 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் மரண விகிதம் ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேல் இருந்தது. வாட்சன் இதற்குள் அரசாங்க உத்தியோகத்தை விட்டுத் தோட்ட ஆஸ்பத்திரிகளின் பொறுப்பை ஏற்றிருந்தார். ஓடைகளைப் பூமிக்கடியில் குழாய் வழியே செலுத்துவதும், நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும் பின்னர் வந்த முறைகள். எண்ணெய்த் தகரத்தை முதுகில் கட்டிக் கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகத் தெளித்துச் சென்ற தோட்டத் தொழிலாளியும் ஒருவகையில் நடமாடும் சுகாதார ஊழியனே. அவன் பெயர் எந்த நூலிலும் இல்லை.

தோட்டங்களில் வைத்தியம் எப்படி அமைந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம். பிற்காலத்துச் சிக்கல்கள் எல்லாவற்றிற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. தொழிலாளரைக் கொண்டு வருபவரே அவர்களுடைய வைத்தியத்துக்கும் பொறுப்பு என்று தொழிற் சட்டங்கள் விதித்தன. இது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். பெரிய தோட்டங்கள் சொந்த ஆஸ்பத்திரி கட்டின. மற்றவை பல சேர்ந்து ஒரு பொது ஆஸ்பத்திரி வைத்துக் கொண்டன. அன்றாடம் தோட்டத்தில் இருந்தவர் டாக்டர் அல்லர், டிரஸ்ஸர். டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் மோட்டாரில் வந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, புத்தகத்தில் கையெழுத்திட்டுப் போவார். காய்ச்சல், காயம், பிரசவம், பாம்புக்கடி எல்லாம் டிரஸ்ஸரின் தலையிலேயே விழுந்தன. காலைப் பெரட்டில் கொயினாத் தண்ணீரை ஒவ்வொருவரும் தம் கண்முன் விழுங்கும்வரை நின்று பார்ப்பதும் அவர் வேலையே. லயத்துக்கு வந்து கதவைத் தட்டுவதால் அவரை மக்கள் நம்பினர். வேலைக்குப் போக முடியாது என்று சொல்பவன் மெய்யாகவே நோயாளியா என்று தீர்ப்புக் கூறுபவரும் அவரே ஆகையால் அஞ்சவும் செய்தனர். வைத்தியர் பாதி, துரையின் ஆள் பாதி என்ற இந்த இரட்டை வேடம் டிரஸ்ஸர் தேடிக் கொண்டதன்று, சட்டம் மாட்டிவிட்டது. டிரஸ்ஸர்களுக்குத் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் என்ற பெயரில் பதிவும் தகுதியும் வகுத்த தனிச் சட்டம் 1965-இல்தான் வந்தது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலாயாவுக்கு ஏராளமான தொழிலாளரை அனுப்பிய வட ஆர்க்காட்டு ஜில்லாவில், வேலூரில் இருந்த டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியில் புறப்பட்டு, மரத்தடிகளில் காத்திருந்த கிராமத்தாருக்கு மருந்து கொடுத்தார். பின்னர் ஒரு பூஷோ மோட்டார் வண்டி கிடைத்தது. அதைக் கண்டு மிரண்ட கிராமத்தாரே நாளடைவில் அதன் சத்தத்துக்காகக் காத்து நின்றனர். அங்கே சாலையோரத்தில் நின்றவரின் ஜாதியோ முதலாளியோ கேட்கப்படவில்லை. இங்கே வைத்தியம் பெறும் உரிமை வேலைச் சீட்டோடு ஒட்டியிருந்தது. தோட்டத்தை விட்டு நீங்கியவனுக்கு அந்த ஆஸ்பத்திரியின் கதவும் சாத்திக் கொண்டது.

தோட்டத்துக்கு வெளியே கம்பத்தில் இருந்த மலாய்க்காரரை எட்ட அரசாங்கம் வேறு வழி தேடியது. ஆற்றில் படகும் சாலையில் மோட்டாருமாக நடமாடும் மருந்தகங்கள் ஓடின. முதலில் அவற்றுக்குப் பெரிய வரவேற்பு இல்லை. கிராமத்தாருக்குப் போமோவும் பீடானும் போதுமானவர்களாக இருந்தனர். மனத்தை மாற்றியது ஒரு ஊசி. மலாய்க்காரர் பூரு என்று சொல்லும் யாஸ் நோய், உடம்பெல்லாம் புண்ணாகிக் குழந்தைகளை நடக்க முடியாமல் செய்வது. 1920-களில் அதற்குப் போட்ட ஊசியால் புண் சில நாட்களிலேயே உலர்ந்து விழுந்தது. கண்ணுக்கு முன்னே நடந்த அந்த அற்புதத்துக்குப் பிறகு ஊசி போடும் வண்டி எங்கே நிற்கும் என்று மக்களே விசாரித்து வந்தனர். எந்த நோய் வந்தாலும் ஊசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வழக்கமும் அதனுடனே வந்தது. அது இன்னும் போகவில்லை. 1954-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் உதவ, கிழக்குக் கரையில் குழுக்கள் வீடு வீடாகச் சென்று பெனிசிலின் போட்டு இந்நோயை ஒழிக்க முற்பட்டன.

கொக்கிப் புழுவின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் சார்பில் டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜி தீவுகளில் ஆராய்ந்தது. வெறுங்காலோடு பால் வெட்டப் போகும் தொழிலாளியின் இரத்தத்தை இந்தப் புழு உறிஞ்சி அவனைச் சோம்பேறி என்று பெயர் எடுக்க வைத்தது என்பது அதனால் தெளிவாயிற்று. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது ஒரு நாள் வேலை. கக்கூஸ் கட்டாத லயத்தில் அது மறு மாதமே திரும்பி வந்துவிடும். நடமாடும் வைத்தியத்தின் எல்லை இதுதான்: வண்டி வந்து போய்விடும்; சேறு அங்கேயே இருக்கும்.

யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கொயினா கிடைக்கவில்லை, வாய்க்கால்கள் தூர்ந்தன, எண்ணெய் தெளிப்பும் நின்றது. பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டு அங்கே காலராவுக்கும் மலேரியாவுக்கும் இரையாயினர். நாற்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கட்டிய சுகாதாரம் நான்கு ஆண்டுகளுக்குள் சிதைந்ததை எண்ணினால், அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருந்தது என்பது விளங்கும்.

அடுத்து வந்த அவசரகாலம் செராஸ் சாலையின் முகத்தையே மாற்றிவிட்டது. 1948-இல் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டு, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்குக் கொண்டு வரப்பட்டனர். செராஸ் ஒன்பதாம் கட்டையிலும் பதினோராம் கட்டையிலும் அருகே பாலாக்கோங்கிலும் உள்ள புதுக்கிராமங்கள் அந்தக் காலத்தின் பிள்ளைகள். தோட்டத்து லயங்களும் தப்பவில்லை. தள்ளித் தள்ளி இருந்த வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கம்பி வேலி போட்டனர்.

கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் தடுக்கக் கட்டிய அந்த வேலிக்குள், வரலாற்றில் முதன்முறையாக நர்ஸ்கள் தாமாகவே வந்தனர். பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் அனுப்பிய பெண்கள் வண்டியில் மருந்துப் பெட்டியோடு கிராமம் கிராமமாகச் சென்று, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, குழந்தைகளை எடை பார்த்து, கர்ப்பிணிகளுக்கு யோசனை கூறினர். காட்டோரத்துக் குடிசையில் யாருக்கும் தெரியாமல் பிறந்து யாருக்கும் தெரியாமல் இறந்த சிசுக்களுக்கு இப்போது ஒரு பதிவு ஏற்பட்டது. மனத்தைக் கவர வேண்டும் என்ற ராணுவ யோசனையிலிருந்து பிறந்த தர்மம் இது என்பதை மறைப்பதற்கில்லை. விருப்பத்துக்கு மாறாக வீட்டை இழந்தவனுக்குப் பால் மாவு கொடுத்ததை முழு நன்மை என்றும் சொல்ல முடியாது. ஆனால் கையில் குழந்தையை ஏந்தி நின்ற தாய் மருந்து எந்த நோக்கத்தோடு வந்தது என்று ஆராய்ந்திருக்க மாட்டாள்.

அதே யுத்தத்தின் மற்றொரு பிள்ளை கோம்பாக் ஆஸ்பத்திரி. கோலாலம்பூருக்கு வடக்கே கோம்பாக் சாலையின் பன்னிரண்டாம் கட்டையில், காட்டுவாசிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கென்று 1957-இல் அது ஏற்பட்டது. அதை நடத்திய டாக்டர் மால்கம் போல்டன் ஒன்றைப் புரிந்து கொண்டார்: காட்டிலிருந்து தனியே கொண்டு வரப்பட்ட நோயாளி, நோயால் சாவதற்கு முன் ஏக்கத்தால் சாவான். ஆகவே நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கலாம், சமைத்துக் கொள்ளலாம் என்று விட்டார். ஓராங் அஸ்லி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து நடுக்காட்டு மருத்துவ நிலையங்களில் அமர்த்தினார்; டாக்டர் ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். பறந்து வரும் டாக்டரைவிட, அங்கேயே இருந்து அவருக்கு நோயாளியைக் காட்டிக் கொடுத்த அந்த இளைஞர்களே இந்த ஏற்பாட்டின் உயிர். பின்னாளில் 1973-இல் சரவாக்கில் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையும் ஆற்றங்கரை நீள்வீடுகளுக்கு இவ்வாறே ஆகாயத்திலிருந்து போய்ச் சேர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாட்டின் கிராமங்களை மாற்றியது 1950-களில் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டம். கெடாவில் ஜித்ராவில் பயிற்சி நிலையம் அமைந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பெரிய நிலையம். அதன் கீழ்ப் பத்தாயிரம் பேருக்கு ஒன்றாகத் துணை நிலையங்கள். அவற்றின் கீழ் இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி, அவள் குடியிருக்க வீடு, அந்த வீட்டின் முன்புறமே பிரசவ வைத்தியசாலை என்று கணக்குப் போட்டனர். 1946-இல் இந்தியாவில் போர் கமிட்டி சிபாரிசு செய்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாயல் இதில் தெரியும். ஆனால் மருத்துவச்சியைக் கிராமத்திலேயே குடியமர்த்திச் சைக்கிளும் பையும் கொடுத்துவிட்ட செயலில் மலாயா முந்திக் கொண்டது. பழைய பீடான்களைப் பகைக்காமல் பதிவு செய்து, அவர்களுக்குச் சுத்தமான கத்தியும் நூலும் கொடுத்துச் சேர்த்துக் கொண்டதும் நல்ல புத்தி. 1960 முதல் 1964 வரை சுங்கை பூலோவில் நடந்த முன்னோடித் திட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு 1967-இல் மலேரியா ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, மருந்து தெளிப்பவர் வாராத கிராமமே இல்லை என்ற நிலை உண்டாயிற்று.

இங்கேதான் தமிழர் தம் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்ற அந்த அழகிய கணக்கில் தோட்டங்கள் பெரும்பாலும் சேரவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே வைத்தியம் முதலாளியின் கடமை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று அரசாங்கம் ஒதுங்கிக் கொண்டது. 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் அந்தக் கடமையை முதலாளியிடமே விட்டது. சாலையின் ஒரு புறம் கம்பத்தில் அரசாங்க மருத்துவச்சி. மறு புறம் தோட்டத்தில் துரையின் டிரஸ்ஸர். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு சாக்கடைதான், ஆனால் சுகாதார வண்டி அதைத் தாண்டவில்லை.

தோட்டங்கள் முழுசாக இருந்தவரை இதை ஒருவாறு சகித்துக் கொள்ளலாம். ஆனால் 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். வேலை போனதும் வீடு போனதும் பலரும் அறிந்தவை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தியதும் அதற்கு மருந்தாகவே. பேசப்படாத இழப்பு ஆஸ்பத்திரி. ஆயிரம் ஏக்கர் தோட்டம் நூறு பேரின் துண்டு நிலமாகும்போது, அந்த நூறு பேரில் எவருக்கும் ஆஸ்பத்திரி வைக்கும் கடமை இல்லை. டிரஸ்ஸர் பெட்டியைக் கட்டிக் கொண்டு போய்விட்டார். முதலாளியிடம் போ என்று சொல்ல முதலாளியும் இல்லை. அரசாங்க நிலையத்தின் கணக்கிலும் இவர்கள் ஏறவில்லை. பழைய முறையின் நியாயம் எத்தகையது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. பிற்காலத்தில் அரசாங்கத்தின் நடமாடும் குழுக்கள் தோட்டங்களுக்குள்ளும் சென்றன. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் பிரசவத்தைப் பக்கத்து வீட்டுக் கிழவியை நம்பியே முடித்திருந்தனர்.

தோட்டம் விட்டவர்கள் நகரத்தை நோக்கி வந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆற்றங்கரைகளிலும் ரயில் பாதையோரங்களிலும் பலகை வீடுகள் எழுந்தன. வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் ஒன்பது மைல் தொலைவால் ஆஸ்பத்திரியை இழந்தவர்கள், இப்போது அதன் காலடியில் இருந்து கொண்டே அதை இழந்தனர். புறம்போக்கு வீட்டுக்கு விலாசம் இல்லை; குழாய்த் தண்ணீர் இல்லை; குழந்தைக்கு ஊசி போட வேண்டிய தேதியை நினைவூட்டும் நர்ஸ் எந்தப் பட்டியலைப் பார்த்து வருவாள்? கிராமத்துக்கு வகுத்த திட்டம் அங்கே இருந்தது. நகரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கிராமமாகவும் நகரமாகவும் இல்லாத இந்தக் குடிசைக்குத்தான் ஒன்றும் இல்லை.

இதை உணர்ந்தவர்களில் ஒருவர் மலாயாப் பல்கலைக்கழக மகப்பேற்று வைத்தியப் பேராசிரியர் கைருடின் யூசோப். 1979 வாக்கில் செராஸுக்கு அடுத்துள்ள கம்போங் பாண்டானில் அவர் முயற்சியால் சாங் கஞ்சில் என்ற திட்டம் உருவாயிற்று. சாங் கஞ்சில் என்பது மலாய்க் கதைகளில் வரும் தந்திரமான சருகுமான். உருவில் சிறியது, பெரிய மிருகங்களை ஏமாற்றிவிடும். பெயருக்கு ஏற்பவே திட்டமும் சிறியது. ஒரே சிறு கட்டடத்தில் காலையில் பாலர் பள்ளி. குறித்த நாட்களில் அங்கேயே தாய்சேய் நல வைத்தியம். பெண்களுக்குச் சிறு வருமானம் தரும் கைத்தொழில். பிள்ளையைப் பள்ளிக்கு விட வரும் தாய் தானும் பரிசோதனை செய்து கொண்டு போவாள். அவளைத் தேடி வண்டி அனுப்புவதைவிட அவள் எப்படியும் வரும் இடத்தில் வைத்தியத்தைக் கொண்டு போய் வைப்பது மலிவாகவும் முடிந்தது. யூனிசெப்பும் மாநகர நிர்வாகமும் துணை நிற்க, மற்ற குடிசைப் பகுதிகளுக்கும் இது பரவியது.

1997-இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா ஆஸ்பத்திரி செராஸிலேயே எழுந்தது. துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் ஆஸ்பத்திரி என்று இன்று பெயர் தாங்கிய அந்தப் பெருங் கட்டடத்திலிருந்து, தூளியில் நோயாளியைச் சுமந்து நடந்த ஒன்பதாம் கட்டைக்கு மோட்டாரில் கால் மணி நேரப் பயணம். நெரிசல் வேளையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.